சுமைக்கு ஒரு கட்டை

“வாரத்துக்கு எத்தனை சுமை எடுக்கிறீக?”

நேசகுமார் வாத்தியார் தலை நிமிராமல் கேட்டார். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வறண்டு போயிருந்தது. நாற்பத்தொரு பெண்கள் வந்து போய்விட்டார்கள். நாற்பத்தொரு பேரும் சொன்னது ஒரே பதில்தான்.

“ரெண்டு, சார்” என்றாள் சின்னத்தாய்.

வாத்தியாருக்குப் பக்கத்து நாற்காலியில் காட்டுக் கார்டு கோட்டைச்சாமி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். காட்டிலாகா பாஸ் சட்டப்படி ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு சுமை விறகுதான் மலையிலிருந்து இறக்கலாம். காய்ந்து விழுந்தது மட்டும். அரிவாள் கொண்டுபோகக் கூடாது. அவரை வைத்துக்கொண்டு மூன்று என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வாத்தியார் இரண்டு என்று எழுதினார். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. அவர் வீட்டு அடுப்புக்கே வாரம் மூன்று சுமை போடுகிறவள் இதே சின்னத்தாய்தான்.

“பெருவிரலை வைங்க.”

வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு அவள் நகர்ந்தாள். அடுத்து நின்றவள் பொன்னுத்தங்கம். கேள்வி வருமுன்பே, “ரெண்டு” என்றாள்.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம் அது. தொடர்ந்து மழை பொய்த்து அணைகளில் பாறை தெரிந்தது. ராஜபாளையத்து மில்லுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கரண்டு இல்லை. சிவகாசி அச்சாபீஸ்களில் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். தண்ணீரை நம்பினால் ஆகாது, விறகுக் கழிவை எரித்துக் கரண்டு எடுக்கலாம் என்று மெட்ராஸில் ஒரு திட்டம் பிறந்தது. எங்கே நிலையம் கட்டுவது என்று பார்க்க மூன்று இடங்களைப் படத்தில் குறித்திருந்தார்கள். தீக்குச்சி மில்லுகளின் கழிவை நம்பி சிவகாசி ஓரம் ஒன்று. விருதுநகர் ரயிலடிப் பக்கம் ஒன்று. மூன்றாவது, மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் இருந்த செங்காட்டுப்பட்டி. எந்த இடத்தில் கேட்பாரற்ற விறகு அதிகமோ அந்த இடத்துக்கு நிலையம். அந்தக் கணக்கெடுப்புக்குத்தான் கோடை விடுமுறையில் இருந்த மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

செங்காட்டுப்பட்டிப் பெண்கள் அறுபத்துநாலு பேர். அவர்கள் வாரத்துக்கு இரண்டு சுமை எடுக்கவில்லை. ஏழு எடுத்தார்கள். நாளுக்கு ஒன்று.

கோழி கூப்பிடக் கிளம்பினால் விடியும்போது பழைய கூப்பில், சர்க்கார் குத்தகைக்கு விட்டு மரம் வெட்டின சரிவில், இருப்பார்கள். வெட்டுமரத்தை லாரி கொண்டுபோனபின் கொப்பும் கிளையும் கிடக்கும். காற்றில் ஒடிந்தவை கிடக்கும். பொறுக்கி, முழங்காலில் வைத்து ஒடித்து, கொடி அறுத்துக் கட்டி, ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிட்டு, சும்மாட்டுக்கு மேல் ஏற்றினால் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே போகும். இறங்கும்போது யாரும் பேச மாட்டார்கள். கால் வைக்கும் கல்லைப் பார்ப்பதற்கே கண் சரியாக இருக்கும். சமதரைக்கு வந்த பிறகுதான் வாய் திறக்கும்.

சமதரையில் முதலில் வருவது கார்டு வீடு. அதன் பின்புறம் வேலியோரம் ஒரு விறகுக் குவியல். வரிசையாக வரும் ஒவ்வொருத்தியும் அங்கே நின்று, கட்டிலிருந்து நல்ல கட்டையாக ஒன்றை உருவி அந்தக் குவியலில் போட்டுவிட்டு நடப்பாள். சுமைக்கு ஒரு கட்டை. யாரும் உத்தரவு போட்டதில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்பதும் தெரியாது. கட்டை விழும் சத்தம் கேட்டால் கோட்டைச்சாமி வெளியே வர மாட்டார். மாதம் பிறந்து ஒண்ணாந்தேதி கருப்பணன் வண்டி வந்து குவியலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டலுக்கு ஏற்றிப்போகும். மறுபடி வெறுந்தரையிலிருந்து குவியல் ஆரம்பிக்கும்.

“ஏக்கா, கரண்டு வந்தா ஒன் வீட்டுல எத்தனை பல்பு போடுவ?” என்று கேட்டாள் சின்னத்தாய், கட்டையைப் போட்டுவிட்டு.

“ஒண்ணு போதும்” என்றாள் பொன்னுத்தங்கம். “கஞ்சிப்பானை காலியாக் கெடக்கிறத இப்ப தடவிப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதேன். பெறகு கண்ணாலயே பாத்துக்கிடலாம்ல.”

சிரித்தால் சுமை ஆடும். அதனால் எல்லாரும் மூக்கால் சிரித்தார்கள்.

ஜூன் பதினெட்டாம் தேதி திட்ட ஆபீஸர் செல்வநாயகம் ஜீப்பில் வந்தார். பாளையங்கோட்டைக்காரர். வயிற்றுப் புண்ணுக்காகச் சட்டைப் பையில் ரொட்டித்துண்டு வைத்திருந்து மணிக்கு ஒருதரம் கடித்துக்கொள்வார். அவருக்கு இது ஐந்தாவது தாலுகா. கார்டு வீட்டு வாசலில் ஊரைக் கூட்டிவைத்துப் பேசினார்.

“அடிவாரத்துல ஒம்பது ஊரு. அறுநூறு பொம்பளையாளுக. ஆளுக்கு ரெண்டு சுமை, சுமைக்கு இருபத்தஞ்சு கிலோ. வாரத்துக்கு முப்பது டன். மலையில விழுறது நூத்திப்பத்து டன். அப்போ எம்பது டன் யாருக்கும் பிரயோஜனம் இல்லாம மக்கிப் போவுது. நிலையம் இங்கனதான் வரும்.”

ஆண்கள் கை தட்டினார்கள். கருப்பணன் பலமாகத் தட்டினார். அவருக்கு ஒரு கிணறும் ஒரு பம்புசெட் கனவும் இருந்தன.

“காட்டுல யாரும் பூந்து பொறுக்கினா நிலையத்துக்கு விறகு ஒழுங்கா வராது. அதனால கம்பி வேலி போட்டுருவோம். பயப்படாதீக. நீங்க எடுக்கிற ரெண்டு சுமைக்குப் பழுது இல்ல. அத உங்களுக்குன்னே விடச் சொல்லி நானே எழுதிருக்கேன். இருபத்தொண்ணாந் தேதி வந்து கல்லு நட்டுட்டு, காயிதத்த மெட்ராஸுக்கு அனுப்பிருவேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டைச்சாமி ஆகாயத்தைப் பார்த்தார்.

சின்னத்தாய் வீட்டுக்கு வந்தபோது புருஷன் சங்கிலிமுத்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றியதில் இரண்டு கையும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் மட்டும் தனியாக இருந்தது. பசையை உள்ளங்கை ஓரத்தால் அவன் தடவுவான். மகள் சண்முகத்தாய் மடித்து அழுத்துவாள். அவளுக்குப் பதினைந்து வயது. இருவரும் சேர்ந்து நாள் முழுக்க ஒட்டினாலும் உப்பு புளிக்குத்தான் காணும். சோறு சின்னத்தாயின் தலையில் இருந்தது.

கம்பங்கூழைக் கரைத்து, கருவாட்டைச் சுட்டுப் பக்கத்தில் வைத்தாள். சொன்னாள்.

சங்கிலிமுத்து கூழ்ச் சட்டியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக் குடித்துவிட்டுக் கேட்டான். “ரெண்டு சுமையிலே ஒண்ணு நம்ம அடுப்புக்கு. விக்கிறதுக்கு ஒண்ணு. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“வாரம் பூரா ஒத்தச் சுமையில திங்கணும்.”

“ரெண்டுன்னு நான்தான் சொன்னேன். வெரல வேற வச்சுட்டு வந்தேன்.”

“நீ மட்டுமா சொன்ன? ஊரே சொல்லிருக்கு. கார்டு பக்கத்துல இருக்கையில நெசத்தச் சொல்லுறதுக்கு யாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு?”

சண்முகத்தாய் பசைக் கையைப் பாவாடையில் துடைத்தாள். “நாரணாபுரத்துப் பட்டாசு ஏஜெண்டு நேத்தும் வந்தாரு அய்யா. சீசன் ஆர்டர் நெறைய இருக்காம். லாரியிலயே கூட்டிட்டுப் போயி லாரியிலயே கொண்டாந்து விடுதாகளாம். அங்க வேலைக்குப் போற கலாதான் சொன்னா. சரவெடி பின்னுற வேலைதான், மருந்துப் பக்கமே போக வேண்டாமாம்.”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாக” என்றான் சங்கிலிமுத்து. கைகளைத் தூக்கிக் காட்டவில்லை, மடியிலேயே வைத்திருந்தான். “நம்ம வீட்டுலயிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு சோடிக் கை குடுத்தாச்சு. அது போதும்.”

சண்முகத்தாய் அடுத்த கூட்டை எடுத்து மடித்தாள். வெளியே காற்று புழுதியை அள்ளிக் கூரையில் போட்டது. மேற்கே மலைமேல் மேகம் இருந்தது. அது எப்போதும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இறங்கும்.

மறுநாள் சுமையோடு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாத்தியாரின் மனைவி இன்பம், மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சின்னத்தாய் சுமையை இறக்கி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“சார், ஒங்க வீட்டுக்கே வாரம் மூணு சுமை போடுதேன். ரெண்டுன்னு எழுதிட்டீகளே.”

“நீங்க சொன்னதத்தானே எழுதினேன்?”

“நான் சொல்லுவேன். நீங்க படிச்சவுக, எழுதலாமா?”

இன்பம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “ஏழுன்னு எழுதினா என்ன அர்த்தம் தெரியுமா? வாரத்துக்கு அஞ்சு சுமை திருடுதீகன்னு அர்த்தம். அறுபத்துநாலு பேரையும் நானே காட்டிக் குடுத்த மாதிரி. ஏதோ நல்லது செய்யுறதா நெனச்சுத்தான் ரெண்டுன்னு போட்டேன்.”

“இப்ப மாத்த முடியாதா?”

“எல்லாரும் ரேகை வச்சாச்சு. நான் போய்ச் சொன்னா, இந்த வாத்தியாரு மொதல்ல பொய் எழுதினாரு, இப்ப எதுக்கு மாத்துறாருன்னு கேப்பாக. அத்தாட்சி வேணும் சின்னத்தாயி. ஏழு சுமை எறங்குதுன்னு காட்ட என்ன இருக்கு? வித்த விறகு எல்லாம் எரிஞ்சு சாம்பலாப் போச்சு.”

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். “எரியாதது ஒண்ணு இருக்கு சார்” என்றாள். என்னவென்று அவர் கேட்பதற்குள் நடந்துவிட்டாள்.

இருபத்தொண்ணாந்தேதி ஆபீஸர் வந்தபோது உச்சி வெயில். இரண்டு கூலியாட்கள் கடப்பாரையோடு வந்திருந்தார்கள். நான்கு எல்லைக் கற்கள் ஜீப்பின் பின்னால் கிடந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியாரையும் அழைத்திருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய பெண்கள், ஆபீஸர் இருப்பதைப் பார்த்ததும் சுமைகளைப் புளியமரத்துக்குப் பின்னால் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையாக வந்து நின்றார்கள். சின்னத்தாய் மட்டும் சுமையோடு வந்தாள். நேரே ஆபீஸர் முன்னால் தொப்பென்று போட்டாள்.

“சார், ரெண்டு இல்ல. ஏழு.”

“என்ன ஏழு?”

“வாரத்துக்கு ஏழு சுமை எடுக்கோம். நானு, இவுக, எல்லாரும். ரெண்டுன்னு சொன்னது பொய்யி.”

கோட்டைச்சாமி எழுந்துவிட்டார். “ஏ சின்னத்தாயி, வெயிலு மண்டையில ஏறிட்டா? சார், இவ புருஷன் கை போனதுல இருந்து இவளுக்கு ஒரு நெதானம் இல்ல.”

“ஊருக்கு வர்ற வெளிச்சத்த ஊதி அணைக்காத தாயி” என்றார் கருப்பணன். “அம்புட்டுப் பேரும் ரெண்டுன்னு கையெழுத்து வச்சிருக்கீக. இன்னைக்கு நீ ஒருத்தி வந்து மாத்துவியோ?”

செல்வநாயகம் ரொட்டித்துண்டைப் பாதி கடித்தபடி நின்றார். “ஏழுன்னா நூத்தஞ்சு டன் ஆகும்மா. நீங்க சொல்லுறது நெசம்னா மலையில ஒண்ணும் மிஞ்சாது. எத வச்சு நம்புறது?”

சின்னத்தாய் கார்டு வீட்டின் பின்பக்கம் கை நீட்டினாள்.

“அங்கன ஒரு குமியல் கெடக்கு. போயி எண்ணுங்க சார். சுமைக்கு ஒரு கட்டை. எறக்குற ஒவ்வொரு சுமைக்கும் ஒண்ணு போட்டுட்டுத்தான் போவோம். ஒண்ணாந்தேதியிலயிருந்து போட்டது.”

ஆபீஸர் வேலிப் பக்கம் திரும்பினார்.

“அது எங்க வீட்டு விறகு சார்” என்றார் கோட்டைச்சாமி. “போன வருஷத்துல இருந்து கெடக்கு.”

“ஒண்ணாந்தேதி ஏத்தினது யாரு வண்டி?” என்று சின்னத்தாய் கேட்டாள். கருப்பணனைப் பார்த்துத்தான் கேட்டாள். “கருப்பண மாமா, ஒங்க மாட்டு மேல கை வச்சுச் சொல்லுங்க. ஏத்தி முடிச்சப் பெறகு தரையில சுள்ளியாச்சும் கெடந்துச்சா?”

கருப்பணன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். பம்புசெட் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். கடைசியில், “கூட்டிப் பெருக்கித்தான் வச்சிருந்தாக” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீஸர் கூலியாட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு எண்ணப் போனார்கள். இரண்டு சுமைக் கணக்கென்றால் முந்நூற்றுச் சொச்சம், மிஞ்சிப்போனால் நானூறு கட்டை இருக்க வேண்டும் என்று வாத்தியார் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். ஐந்நூறு தாண்டியது. எண்ணிய கட்டைகளை அடுக்க இடமில்லாமல் வேலியைத் தாண்டி வீசினார்கள். வெயில் சாய்ந்தது. எழுநூறு. எண்ணூறு. ஓர் ஆள் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். ஆயிரத்து இருநூறைத் தாண்டியபோது செல்வநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“போதும்.”

“என் கட்டையும் அதுலதான் கெடக்கு” என்றாள் பொன்னுத்தங்கம். அதுவரை வாயைத் திறக்காதவள். “உசிலங்கட்டையாப் பாத்துப் பாத்துப் போட்டேன். கார்டு வீட்டுக்குன்னா நல்லதாத்தான் போடணும்ல.”

அதற்குப் பின் ஒவ்வொருத்தியாக, “என்னதும்”, “என்னதும்” என்றார்கள். புளியமரத்துக்குப் பின்னால் இருந்த சுமைகளை யாரும் மறைக்கவில்லை.

செல்வநாயகம் ஜீப்பின் முன்பலகையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடாமலே சொன்னார்.

“சிவகாசியில போயிக் கேட்டேன். மில்லுக் கழிவப் பூரா வேலை பாக்குற பொம்பளைக மடியில கட்டிட்டுப் போயிருதாக. தீக்குச்சி முக்குற மெழுகு காய்ச்சுறதுக்கும் அதத்தான் எரிக்காக. விருதுநகர்ல கேட்டேன், அங்கயும் அப்படித்தான். கழிவு, கழிவுன்னு அஞ்சு தாலுகா சுத்திட்டேன். கீழ கெடக்கிற சுள்ளிக்கெல்லாம் ஆளு இருக்கு.” பிறகு சின்னத்தாயிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சட்டப்படி இது ஒங்களுக்கும் கேடுதாம்மா. தெரிஞ்சுதான் சொன்னீகளா?”

“தெரியும் சார்.”

“பெறகு?”

“வேலி போட்டா நாளைக்கே பட்டினி. சொன்னா என்னைக்கோ ஒருநா பட்டினி. அதான்.”

அவர் யார் பெயரையும் எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதினார். கற்களை இறக்காமலே ஜீப் திரும்பிப் போனது. செங்காட்டுப்பட்டிக்கு நிலையம் வரவில்லை. வேறு எங்கேயாவது வந்ததா என்பதும் அந்த ஊருக்குத் தெரியாது. கருப்பணன் ஒரு மாதம் சின்னத்தாயிடம் பேசவில்லை.

ஆனால் ஆயிரத்து இருநூறு கட்டை என்ற எண் மெட்ராஸோடு நிற்கவில்லை. மேலே போன காகிதம் வேறு வழியாகச் சுற்றிக் காட்டு ஆபீஸுக்கு இறங்கியது. ஆகஸ்ட் மாதம் கோட்டைச்சாமிக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று, மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்று, “ஒங்கள நான் என்னைக்காச்சும் தடுத்திருக்கேனா தாயி?” என்று மட்டும் கேட்டார். அவளால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

புதுக் கார்டு தங்கச்சாமி சின்ன வயசுக்காரர். வெள்ளையாகத் துவைத்த காக்கி. யார் வீட்டிலும் மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். எல்லாரையும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார். வந்த மறுநாளே வேலியோரக் குவியல் கிடந்த இடத்தைக் கூட்டிச் சுத்தமாக்கித் துளசி வைத்தார்.

அவர் வந்த முதல் வாரம், புதன்கிழமை. சின்னத்தாய்க்கு அது மூன்றாவது சுமை. கார்டு வீட்டுப் பின்பக்கம் வந்ததும் கால் தானாக நின்றது. கை தானாக ஒரு கட்டையை உருவித் துளசிக்குப் பக்கத்தில் போட்டது.

சத்தம் கேட்டுத் தங்கச்சாமி வெளியே வந்தார். கையில் நோட்டு.

“இது என்னம்மா?”

“சுமைக்கு ஒரு கட்டை, அய்யா.”

“எனக்கு எதுக்கு? நான் வாங்க மாட்டேன்.” நோட்டைப் புரட்டினார். “சின்னத்தாய். திங்கள் ஒண்ணு, செவ்வாய் ஒண்ணு. ரெண்டு முடிஞ்சுபோச்சேம்மா. இத எறக்குங்க.”

“அய்யா, வீட்டுல...”

“எனக்குப் புரியுது. எல்லா வீட்டுலயும் கஷ்டம்தான். நான் ஒருத்தருக்கு விட்டா அம்புட்டுப் பேருக்கும் விடணும். எறக்குங்க. அபராதம் போடல, மொத வாரம்.”

அவரே கை கொடுத்துப் பதமாக இறக்கினார். அவள் கழுத்து வலிக்காதபடி பார்த்துத்தான் இறக்கினார். சுமையைச் சர்க்கார் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்து, நோட்டில் குறித்தார். திரும்பி வந்து துளசிக்குப் பக்கத்தில் கிடந்த ஒற்றைக் கட்டையை எடுத்தார். மண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தார்.

“இது நீங்க எனக்குன்னு குடுத்தது. எனக்கு வேண்டாம். கொண்டு போங்க.”

ஒரு கட்டையோடு சின்னத்தாய் வீட்டுக்கு வந்தாள். தலைச் சும்மாட்டை அவிழ்க்க மறந்திருந்தாள். சண்முகத்தாய் அம்மா கையைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். வேறு ஒன்றும் வரவில்லை.

சின்னத்தாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தாள். நல்ல உசிலங்கட்டை. ஒடியவில்லை. அப்படியே முழுசாக அடுப்பில் வைத்து, பெட்டி ஒட்டிய காகிதத் துண்டுகளைத் திணித்துப் பற்றவைத்தாள். உலை கொதிக்க ஆரம்பித்தது.

கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சங்கிலிமுத்து பசைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். ஒட்டிப்போன விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக மடியில் வைத்தான்.

“ஏ சம்முகம்.”

“என்னய்யா?”

“நாரணாபுரத்து லாரி காலையில எத்தனை மணிக்கு வருது?”